கையெழுத்துப் போட்டவர் பார்த்தாரா? பொறியியல் கல்லூரியில் நேர்மையும் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் படிப்பின் தரம் பற்றிப் பேச்செடுத்தாலே ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டுவார்கள். மாணவர் படிப்பதில்லை என்பார் ஆசிரியர். ஆசிரியர் நடத்துவதில்லை என்பார் மாணவர். நிர்வாகம் பல்கலைக்கழகத்தைக் காட்டும், பல்கலைக்கழகம் கல்லூரியைக் காட்டும். இந்தப் பக்கத்தில் பேச்சைக் கையெழுத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். ரெக்கார்டு நோட்டு (லேப் சோதனைகளை எழுதித் தரும் நோட்டு), வருகைப் பதிவேடு, ப்ராஜெக்ட் போனஃபைடு (மாணவர்தான் செய்தார் என்ற சான்றுப் பக்கம்), ஆசிரியர் பட்டியல், என்பிஏ (பாடப்பிரிவுகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) ஃபைல் என எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுகிறார். பார்த்துத்தான் போட்டாரா என்பதே இங்கே விஷயம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளையும் அதன் 2021 ரெகுலேஷனையும் (படிப்பு, தேர்வு விதிகள்) மனதில் வைத்து எழுதியது. தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் கொஞ்சம் மாறும்.

ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது எல்லோரும் செய்வதுதானே? இதில் அறம் எங்கே வந்தது?

பார்த்து எழுதுவதில் இரண்டு வகை உண்டு. நோக்கம், கருவிகள், செய்முறை ஆகியவற்றை சீனியர் நோட்டிலிருந்து எழுதுவது கைவலி தரும் வீண்வேலை, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களை அச்சடித்தே கொடுத்துவிடலாம். ரீடிங்கைப் பார்த்து எழுதுவது வேறு. அது நடக்காத சோதனைக்குச் சான்று எழுதுவது.

சிவில் துறையின் கான்கிரீட் க்யூப் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. க்யூபின் முகப் பரப்பு 22,500 சதுர மி.மீ. அது 450 கிலோ நியூட்டனில் உடைந்தால் வலிமை சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன். இவ்வளவு கணக்கையும் வீட்டில் உட்கார்ந்தே போடலாம். ஆனால் இந்தியத் தரநிலை 516 சொல்லும் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன் வீதம் சுமை ஏற்றினால், அந்த க்யூப் உடைய ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் வலிமை கூடுதலாகக் காட்டும். கரணையால் தேய்த்த மேல்முகத்தைத் தகட்டுக்குக் கொடுக்கக் கூடாது, க்யூபைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். இதெல்லாம் மெஷின் முன்னால் நின்றவருக்குத்தான் தெரியும்.

ரீடிங்கை ஜோடித்துப் பட்டம் வாங்கியவர் நாளை சைட்டில் க்யூப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். சோதனைக்கென்றே சிமென்ட் தூக்கலாகக் கலந்து தனி க்யூப் போடும் ஒப்பந்ததாரரின் வித்தை அவர் கண்ணில் படாது. பட்டாலும், இரண்டாம் ஆண்டிலேயே பழகிய காரியம் என்பதால் பெரிதாகத் தோன்றாது.

ஜோடித்த ரீடிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒழுங்கு மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். மூன்று க்யூபின் வலிமையும் 20.1, 20.2, 20.1 என்று இருந்தால் அது பெரும்பாலும் பேனாவில் விளைந்தது. சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைத் தரநிலையே அனுமதிக்கிறது. கலவையும் கைவேலையும் அப்படித்தான் இருக்கும். டயலில் 5 கிலோ நியூட்டனுக்கு ஒரு கோடு இருக்கும்போது ரெக்கார்டில் 452.37 என்று எழுதியிருந்தால் அந்த எண் கால்குலேட்டரிலிருந்து பின்னோக்கி வந்தது. எல்லாப் புள்ளியையும் தொட்டுச் செல்லும் கிராஃப், ஓர் அடித்தல்கூட இல்லாத அப்சர்வேஷன் நோட்டு (லேபிலேயே ரீடிங்கைக் குறிக்கும் நோட்டு), பேட்ச் முழுக்க ஒரே எண் ஆகியவை மற்ற அடையாளங்கள்.

கண்டுபிடிப்பதைவிட, ஜோடிக்க வழியில்லாமல் செய்வது எளிது. எலெக்ட்ரிகல் லேபில் பத்து மேசை இருந்தால் எல்லாவற்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தராதீர்கள். 680, 820, 1000, 1200, 1500 ஓம் என ஐந்து மதிப்பை மாற்றி மாற்றி வையுங்கள். தங்கப் பட்டை ரெசிஸ்டரில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றாலும் இந்த ஐந்தும் ஒன்றோடொன்று குழம்பாது. பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியவர் அங்கேயே மாட்டுவார். வேலை செய்தவருக்கு 1000 என்று வராது, 985 அல்லது 1012 என்று ஏதோ ஒன்று வரும்.

ரீடிங் தப்பாக வந்தால் மதிப்பெண் குறைக்கிறார்களே, மாணவர் வேறு என்னதான் செய்வார்?

நியாயமான கேள்வி. 'ஆன்சர் வரலையே, திரும்பச் செய்' என்று நோட்டைத் தள்ளிவிடும் ஆசிரியர் உண்மையில் ஜோடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். மாணவர் திரும்பச் செய்வதில்லை, அடுத்த மேசைக்குப் போய் 'வந்த' ஆன்சரை வாங்கி வருகிறார். இதில் பாதிக்கு மேல் பழி மதிப்பெண் திட்டத்தின் மேல்தான்.

பத்து மதிப்பெண்ணில் விடை சரியாக இருப்பதற்கு 2 போதும். ரீடிங்கைக் கருவியின் மிகச்சிறு அளவுக்கு ஏற்ப எழுதியதற்கு 3, கிராஃபுக்கு 2, எதிர்பார்த்த மதிப்பிலிருந்து ஏன் விலகியது என்று இரண்டு மூன்று வரி எழுதியதற்கு 3 என்று பிரித்துப் பாருங்கள். 'மனிதத் தவறு' என்ற ஒற்றைச் சொல்லை விளக்கமாக ஏற்க வேண்டாம். 'மீட்டர் பூஜ்யத்தில் நிற்காமல் 0.2 வோல்ட் காட்டியது, கழிக்க மறந்தோம்' என்று எழுதியிருந்தால் ஏற்கலாம். ஜோடிப்பதால் லாபமில்லை என்றானபின் அந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

அத்தனை ரெக்கார்டையும் ஒரே ஆசிரியர் எப்படிப் படிப்பார்?

படிக்க முடியாது. 60 மாணவர், 10 சோதனை, ஒரு ரெக்கார்டுக்கு 5 நிமிடம் என்றால் 50 மணி நேரம். ஒரு பேட்ச்சுக்கு (30 பேர்) ஒதுக்கிய 60 பீரியடும், பீரியடுக்கு 50 நிமிடம் என்று பார்த்தால், அதே 50 மணி நேரம்தான். ரெக்கார்டு திருத்த இன்னொரு லேப் அளவுக்கு நேரம் யாரிடமும் கிடையாது. அதனால்தான் பருவக் கடைசியில் அடுக்கி வைத்து, தேதிகூடப் பார்க்காமல், ஒரே மூச்சில் கையெழுத்து விழுகிறது.

கையெழுத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, மாணவர் மேசையை விட்டு நகர்வதற்கு முன் அப்சர்வேஷன் நோட்டில் போடுவது. அதற்கு 'ரீடிங் நேரில் பார்த்தேன்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்தில் கருவி எண், நேரம். ஆளுக்கு 20 விநாடி, 30 பேருக்குப் பத்து நிமிடம். இரண்டாவது, ரெக்கார்டில் 'பெற்றேன்' என்று மட்டும் சொல்லும் கையெழுத்து. படிக்காததைப் படித்ததாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் சீட்டுக் குலுக்கி 30 பேரில் 6 பேரின் ரெக்கார்டை மட்டும் முழுதாகப் படியுங்கள். ஆளுக்கு 8 நிமிடம் என்றாலும் பருவம் முழுக்க 8 மணி நேரத்தில் முடியும். சராசரியாக ஒரு மாணவர் இரண்டு முறை சிக்குவார். ஆனால் குலுக்கலை மட்டும் நம்பினால் பத்து சோதனையிலும் சிக்காமல் தப்பிப்பவர்கள் பேட்ச்சுக்கு மூன்று பேர் இருப்பார்கள். பெயரைக் குறித்து வைத்து, கடைசி இரண்டு சோதனையில் விடுபட்டவர்களைச் சேர்த்துவிடுங்கள்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினால் என்ன? கடைசியில் யாரும் கேட்பதில்லையே.

கேட்பதில்லை என்பது உண்மை. வாங்குபவர்கள் நம்புவதும் அதைத்தான். எட்டாம் பருவ ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட். அந்தப் பருவத்தின் பெரும் பகுதி அதற்கென்றே விடப்பட்டிருக்கிறது. போனஃபைடு பக்கத்தில் 'என் மேற்பார்வையில் இந்த மாணவர்கள் செய்தது' என்ற வாசகத்தின் கீழ் கைடு கையெழுத்துப் போடுகிறார், ஹெச்ஓடி (துறைத் தலைவர்) போடுகிறார், வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று எக்ஸ்டர்னலும் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) போடுகிறார். மூவரில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். முதல் ரிவ்யூவிலேயே ஐஈஈஈ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) வெளியிட்ட ஆய்வுப் பேப்பரின் தலைப்பு மாறாமல், முடிந்த வேலையாக வந்து நிற்கும் ப்ராஜெக்டைக் கண்டும் கைடு பேசாமல் இருந்தால், வாங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு.

தடுக்கும் வழிகள் சாதாரணமானவை. மென்பொருள் ப்ராஜெக்ட் என்றால் கிட் கமிட் வரலாற்றை (புரோகிராமில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவை) காட்டச் சொல்லுங்கள். மொத்த புரோகிராமும் ஒரே இரவில், ஒரே கமிட்டில் ஏறியிருந்தால் அங்கே கேள்வியைத் தொடங்கலாம். ஹார்டுவேர் என்றால் பொருள் வாங்கிய பில், எரிந்துபோன பலகையின் படம், வாராந்தர நோட்டு. சொந்தமாகச் செய்த குழுவிடம் எரிந்த ஐசி ஒன்றாவது இருக்கும். வைவாவில் ஸ்லைடை நிறுத்திவிட்டு ஒரு சின்ன மாற்றம் கேளுங்கள்: 'சென்சாரைக் கழற்றுகிறேன், இப்போது என்ன காட்டும்? அலாரம் எல்லையை 40 டிகிரியிலிருந்து 35-க்கு மாற்றிக் காட்டுங்கள்.' செய்தவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். வாங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தவறு எங்கே நேர்கிறது என்றால், இந்தச் சோதனையைக் கடைசி வைவாவுக்குத் தள்ளிவைப்பதில். அப்போது கண்டுபிடித்து என்ன செய்வது? வேலை உத்தரவு கையில் இருக்கும் மாணவரை ஃபெயில் ஆக்க யாருக்கும் மனம் வராது. முதல் ரிவ்யூவில் கேட்டால் திருந்த மூன்று மாதம் மிச்சம் இருக்கும்.

குழுவில் ஒருவர்தான் உழைக்கிறார். நால்வருக்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கு 30 புள்ளியைப் பிரித்து, ரகசியமாகக் கொடுக்கட்டும். சமமாக உழைத்திருந்தால் ஆளுக்கு 30 சேரும். ஒரு குழுவில் 36, 33, 30, 21 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆல் வகுத்தால் 1.2, 1.1, 1.0, 0.7. மேல் எல்லை 1.1, கீழ் எல்லை 0.8 என்று வைத்தால், குழு மதிப்பெண் 80 எனில் தனி மதிப்பெண் 88, 88, 80, 64.

எல்லை வைப்பது ஏன்? மூவர் சேர்ந்து நான்காமவரைக் கவிழ்ப்பது உண்டு. சாதியும் பாலினமும் ஹாஸ்டல் குழுச் சண்டையும் இந்தப் புள்ளியில் புகுந்துவிடும். நால்வரும் கூடிப் பேசி ஆளுக்குப் பத்துப் பத்து போட்டுவிடுவதும் உண்டு. அதனால் இந்தப் புள்ளியை வைவா கேள்விகளோடு ஒத்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றாதீர்கள்.

சிமிலாரிட்டி (மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. இனி திருட்டு இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள் ஆய்வேடுகளுக்கு நான்கு படி வைத்திருக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தர முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. தொடர்ந்து 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவதையும், முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்டதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மென்பொருள் பார்ப்பது சொற்கள் ஒத்துப்போவதை மட்டும். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுத் திருடிய கருத்து 4 சதவீதத்தில் தப்பிவிடும். சோதனை முறையை ஒழுங்காக விவரித்த நேர்மையான அத்தியாயம் 18 சதவீதம் காட்டும். வரைபடம், அட்டவணை, புரோகிராம் ஆகியவற்றில் அது பெரும்பாலும் குருடு. கைடு ரிப்போர்ட்டைத் திறந்து எந்தப் பத்தி எங்கே ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது சாஃப்ட்வேரின் கையெழுத்து.

சாட்ஜிபிடி எழுதிய அசைன்மென்டை என்ன செய்வது?

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியின் சொல்லை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். சொந்தமாக எழுதியவரையும் அது குற்றம் சாட்டும், பாட நூல் நடையில் ஆங்கிலம் எழுதப் பழகிய நம் மாணவர்கள் எளிதில் மாட்டுவார்கள். ஐந்து நிமிடம் எதிரில் உட்காரவைத்து 'இந்தச் சமன்பாட்டில் இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதே மேல். அசைன்மென்டையே திருப்பியும் போடலாம். ஏஐ தந்த விடையை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, அலகுப் பிழை, தவறான அனுமானம் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் தன் வினாத்தாளை ஏஐயிடம் வாங்கியிருந்தால் அதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நியாயம்.

என்பிடிஇஎல் (இணையவழிப் படிப்பு) வாராந்தர அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது தெரிந்ததே. அங்கே அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்பதால் பெரிய சேதம் இல்லை. உள்ளூர் அசைன்மென்டுக்கும் அப்படி நேரில் கேட்கும் பங்கு ஒன்றை வைத்தால் பாதித் தலைவலி தீரும்.

இன்டர்னலை அள்ளிக் கொடுப்பது மாணவருக்கு உதவிதானே?

தியரிக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, எண்ட் செமஸ்டர் (பருவக் கடைசிப் பல்கலைக்கழகத் தேர்வு) 60. லேபுக்கு நேர்மாறாக 60, 40. ஆக லேபில் பெரும்பங்கு கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் 40-க்கு 38 போட்டால், எண்ட் செமஸ்டரில் 60-க்கு 19 எடுக்கப்போகிற மாணவருக்கு முன்னெச்சரிக்கை கிடைக்காமல் போகிறது. எரிபொருள் காட்டும் முள்ளை 'ஃபுல்'லில் ஒட்டிவைத்தால் வண்டி நடுவழியில்தான் நிற்கும். கெட்டிக்கார மாணவருக்கும் இழப்புதான். அவருடைய 38-ஐ வெளியே யாரும் நம்புவதில்லை.

செய்ய வேண்டியது: திருத்திய தாளை விடைக்குறிப்போடு ஏழு நாளில் திருப்பிக் கொடுங்கள். 60 தாளில் 6 தாளை, மதிப்பெண்ணை மறைத்து, இன்னொரு ஆசிரியர் திருத்தட்டும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் மொத்தக் கட்டையும் மறுபடி பாருங்கள். பழைய இன்டர்னல் சராசரியையும் எண்ட் செமஸ்டர் சராசரியையும் சதவீதமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, துறைக் கூட்டத்தில் காட்டுங்கள். கூட்டத்தில் சங்கடம் இருக்கத்தான் செய்யும்.

என்பிஏ ஃபைலில் எல்லாப் பாடத்திலும் அட்டெயின்மென்ட் (பாட இலக்கை மாணவர் எட்டிய நிலை) 3 வந்திருக்கிறது. நல்ல துறைதானே?

இல்லை, இலக்கைத் தாழ்த்தி வைத்த துறை. ஒரு கணக்கு: பாட விளைவு (பாடத்தில் மாணவர் கற்க வேண்டியது) ஒன்றில் 60 சதவீத மதிப்பெண்ணைத் தொட்ட மாணவர் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலை 3, 60-க்கு மேல் என்றால் 2, 50-க்கு மேல் என்றால் 1 என்று துறை வரையறுக்கிறது. 60 பேரில் 38 பேர் தொட்டால் 63 சதவீதம், நிலை 2. இதை 3 ஆக்க இரண்டு குறுக்குவழி உண்டு. '60 சதவீத மதிப்பெண்' என்பதை 45 ஆக்குவது ஒன்று. இன்டர்னல் மார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக மார்க்கை ஓரங்கட்டுவது மற்றொன்று. இரண்டும் எக்செல் தாளில் ஒரே செல்லை மாற்றும் வேலை, பார்வையிட வருபவரும் அந்தச் செல்லைத்தான் முதலில் தேடுவார்.

வேடிக்கை என்னவென்றால், என்பிஏ கேட்பது 3 அல்ல. தொடர் மேம்பாடு என்ற பகுதியில் அது கேட்பது இடைவெளியையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும். 'நிலை 2, காரணம் இரண்டாம் யூனிட்டில் பகுப்பாய்வுக் கேள்விகளில் சரிவு, அடுத்த ஆண்டு நான்கு டுட்டோரியல் சேர்த்தோம், 2.4 ஆனது' என்று உண்மையாக எழுதிய ஒரு பக்கம் பத்து 3-களைவிடக் கனமானது. இந்தியா 2014 ஜூனில் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. அதனால் என்பிஏ அங்கீகாரம் பெற்ற, அந்த உடன்படிக்கையின் கீழ் வரும் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் இணையாக ஏற்கின்றன. ஜோடித்த ஃபைல் ஒன்று வெளியே தெரிந்தால் எல்லாக் கல்லூரியின் பட்டமும் ஒரு படி இறங்கும்.

பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும் ஆசிரியர் விவகாரத்தில் யார் பொறுப்பு?

ஒரு பிரிவில் 60 இடம் என்றால் நான்கு ஆண்டுக்கு 240 பேர். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொல்லும் 20-க்கு 1 விகிதப்படி 12 ஆசிரியர் வேண்டும். உண்மையில் 7 பேர் வேலை செய்து, மீதி 5 பேர் ஆய்வு நாளில் மட்டும் வந்தால், அந்தப் பன்னிரண்டு பேரின் சுமை ஏழு பேர் தலையில் விழும். ஆளுக்கு வாரம் 16 மணி நேரமாக இருக்க வேண்டிய வகுப்பு 27-ஐத் தொடும். ரெக்கார்டு ஏன் படிக்கப்படவில்லை என்ற மேலே உள்ள கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. அந்த ஏழு பேரையும் மே, ஜூனில் அட்மிஷன் கேன்வாசிங்குக்கு வீடு வீடாக அனுப்பும் இடங்கள் தனிக்கதை.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டவர்கள் 350-க்கும் மேல் என்று குற்றம் சாட்டியது. பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே ஆளின் பெயர் இருந்ததாகவும் சொன்னது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை தொடங்கியது. சான்றிதழை வாடகைக்கு விட்டவர், பட்டியலில் கையெழுத்திட்ட முதல்வர், தலையை மட்டும் எண்ணிப் போன ஆய்வுக் குழு, ஒரே பெயர் பல இடத்தில் வருவதை ஒப்பிட்டுப் பார்க்காத அலுவலகம் என்று இதில் நான்கு கை உண்டு. 'இன்று வருபவர் உங்கள் தெர்மல் ஸ்டாஃப் என்று சொல்லுங்கள்' என்று மாணவரை ஒத்திகை பார்க்கவைப்பது ஐந்தாவது, அதுதான் மிகக் கேவலமானது. 18 வயதுப் பிள்ளைக்குக் கல்லூரி நடத்தும் முதல் அறநெறி வகுப்பு அது.

அறநெறிப் பாடத்தை உருப்படியாக நடத்துவது எப்படி?

ஏழாம் பருவத்தில் மனித விழுமியமும் அறநெறியும் என்று 2 கிரெடிட் பாடம் இருக்கிறது. முந்தைய இரவு படித்து 'நேர்மை என்றால் என்ன' என்று இரண்டு பக்கம் எழுதிவிடலாம், பார்த்தெழுதியும் பாஸாகலாம். வரையறையை விட்டுவிட்டு ஒரு நட்டில் தொடங்குங்கள்.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். முற்றத்தின் மேலே நான்காம் மாடி நடைபாலம், அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாலம், இரண்டும் கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் ஊடுருவிப் போகும். நடுவில் நட் மாட்ட, நெடுக மரை வெட்ட வேண்டும். அது கஷ்டம் என்று தயாரித்த நிறுவனம் கம்பியை இரண்டு துண்டாக்கியது: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு ஒன்று. பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் மேல் பாலத்துக்குக் கீழிருந்த நட் இப்போது இரண்டு பாலத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. முதல் வடிவமே கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான். மாற்றத்தால் அதுவும் பாதியானது. மாறிய வரைபடத்தில் பொறியாளர் அலுவலக முத்திரை விழுந்தது, இணைப்புக்கான கணக்கை யாரும் போடவில்லை. 114 பேர் இறந்தார்கள். மிசௌரி மாநிலம் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது.

வகுப்பில் காட்ட ஒரு கயிறு, தண்ணீர் நிரப்பிய இரண்டு 1 லிட்டர் பாட்டில், ஒரு ஸ்பிரிங் தராசு போதும். முதலில் கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு பாட்டில் வீதம் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். மேல் பாட்டிலை முடிச்சோடு இணைக்கும் இடத்தில் தராசை மாட்டினால் 1 கிலோ காட்டும். அடுத்து கீழ்ப் பாட்டிலை அவிழ்த்து, மேல் பாட்டிலின் கழுத்திலிருந்து தொங்கவிடுங்கள். அதே இடத்தில் 2 கிலோ. உச்சிக் கொக்கிக்கு இரண்டு முறையும் 2 கிலோதான். மொத்தத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏன் கவனிக்கவில்லை என்பது இப்போது மாணவருக்கே விளங்கும்.

பிறகு வகுப்பை வடிவமைப்பாளர், வரைவாளர், தயாரிப்பாளர், நகர ஆய்வாளர் என்று நான்காகப் பிரியுங்கள். 'யார் குற்றவாளி?' என்று கேட்டால் கூச்சல்தான் மிஞ்சும். 'எந்தத் தாளில், யார், எந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இது நின்றிருக்கும்?' என்று கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு நம் ஊரையே எடுக்கலாம்: 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது. மண் பரிசோதனையிலிருந்து அனுமதி வரை எத்தனை தாள், எத்தனை கையெழுத்து என்று மாணவர்களே பட்டியல் போடட்டும்.

பெற்றோர் சேர்க்கைக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் கல்லூரிக்கு, என்பிஏ அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு. 'எங்கள் கல்லூரி என்பிஏ' என்றால் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் பேனரில் உள்ள அதிகபட்சச் சம்பளத்தை விட்டுவிட்டு, கல்லூரி இணையதளத்தில் உள்ள என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) தரவில் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) சம்பளத்தையும் வேலை பெற்றவர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே மாணவரின் மூன்று ஆஃபரை மூன்று பேராக எண்ணுவது பழைய தந்திரம். நன்கொடை கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராத இடம் ஆசிரியர் பட்டியலை மட்டும் நேர்மையாக வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிறுவனங்களுக்கு என்ன பங்கு?

'அரியர் கூடாது, 60 சதவீதம் வேண்டும்' என்று வடிகட்டிவிட்டு, 'மார்க்குக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை' என்று குறைப்படுவது பொருந்தாது. இன்டர்னலை ஊதிப் பெருக்கும் அழுத்தத்தில் அந்த வடிகட்டிக்கும் பங்கு உண்டு. நேர்முகத்தில் ப்ராஜெக்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் கேட்டாலே வாங்கிய ப்ராஜெக்டின் சந்தை இறங்கும். இன்டர்ன்ஷிப் சான்றிதழில் வந்த நாள்கள், செய்த வேலை, மேற்பார்வையாளரின் பதவி மூன்றையும் எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் சான்று விற்கும் இடங்களால் இந்த மூன்றையும் எழுத முடியாது.

தவறைப் பார்த்த மாணவர் யாரிடம் சொல்வது? இன்டர்னலில் கைவைப்பார்களே?

பயம் நியாயமானது, அதனால் தனியாகப் போகாதீர்கள். தேதி, பீரியட், நடந்தது ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள், பட்டப்பெயரும் யூகமும் வேண்டாம். யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதியும் உண்டு. புகார் வந்து 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேள் அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்க ஏஐசிடிஇ அனுமதிப்பதில்லை, அதைக் காட்டி மிரட்டினால் அதுவே தனிப் புகார்.

துறை முழுதும் மாறும்வரை காத்திருக்காமல் ஓர் ஆசிரியர் தனியாகத் தொடங்க முடியுமா?

முடியும். ஒரே ஒரு லேபை எடுங்கள், மூன்றாம் பருவ லேபாக இருந்தால் நல்லது. இறுதியாண்டில் பழக்கம் இறுகியிருக்கும். தேவை இரண்டு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு சீட்டு டப்பா, மேசைக்கு மேசை மாறும் ரெசிஸ்டரோ சுமையோ. முதல் வகுப்பிலேயே மதிப்பெண் பிரிவைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 'பக்கத்து பேட்ச்சில் எல்லோருக்கும் 58, நமக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று இரண்டாம் வாரம் குரல் எழும். அதற்கு முன்பே அந்த பேட்ச் ஆசிரியரிடம் பேசி ஒரே பிரிவுக்கு ஒத்துக்கொள்ளச் செய்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஸ்டாம்ப் குத்தும் வரிசையால் முதல் மாதம் லேப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கலையும். அடுத்த பீரியட் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.